முயல் வளரும் வீட்டில் மிட்டன் பின்னலாமா? வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலம் நெருங்கும்போது இந்தப் பகுதிக்குப் பின்னல் தொடர்பான கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் பல, வீட்டில் முயல் வளர்த்துக்கொண்டே உறவினருக்கும் நண்பர்களுக்கும் பரிசளிக்க வண்ண மிட்டன்கள் (கட்டைவிரலுக்குத் தனியாகவும் மற்ற நான்கு விரல்களுக்கும் ஒன்றாகவும் இடம் விடும் கையுறைகள்) பின்னுகிறவர்களிடமிருந்து வந்திருப்பதால், அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் முயல்கள் கூண்டில்லாமல் வளர்கின்றன. ஆகவே இவை எனக்கு நெருக்கமான கேள்விகள்.

கேள்வி: தைப்பொங்கலுக்குள் அண்ணன், அக்கா பிள்ளைகள் எல்லோருக்கும் மிட்டன் பின்னிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் இரண்டு முயல்களும் வரவேற்பறையில் சுதந்திரமாகத் திரிகின்றன. நூற்பந்து கண்ணில் பட்டாலே ஓடிவந்து கத்தரியால் வெட்டியதுபோல் துண்டாக்கிவிடுகின்றன. வேலை முடியும் வரை அவற்றைக் கூண்டில் அடைத்து வைக்கலாமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அடைத்து வைக்க வேண்டாம். முயலின் குடல் ஒழுங்காக இயங்குவதற்குக் காய்ந்த புல் எவ்வளவு தேவையோ, ஓடியாடும் இடமும் அவ்வளவு தேவை. பல வாரங்கள் கூண்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முயல் கம்பியைக் கடிக்கும், உண்பதைக் குறைக்கும், நோயில் விழவும் கூடும். அடைத்து வைக்க வேண்டியது நூலைத்தான்.

முயல் நூலை வெட்டுவதற்குக் காரணம் உண்டு. நாம் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் மண்ணில் வளை தோண்டி வாழும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. வளைக்குள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பல்லால் நறுக்கி வழியைச் சீராக்குவது அவற்றின் பிறவிக்குணம். தரையோரம் நீண்டு கிடக்கும் கம்பளி நூலையும் கைப்பேசியின் மின்கம்பியையும் அதே வேகத்தில் நறுக்குவதற்கு அந்தக் குணமே காரணம். வெட்டுப்பற்களும் வாழ்நாள் முழுவதும், வாரத்திற்கு ஏறக்குறைய 2 மி.மீ. அளவில், வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிக்க ஏதேனும் வேண்டும் என்ற தேவை அவற்றுக்கு எப்போதும் இருக்கிறது. பெண்முயல் கருத்தடை செய்யப்படாததாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சினையாகாமலேயே சினையானதுபோல் நடந்துகொள்ளும் பொய்ச்சினைக் காலம் அதற்கு வருவதுண்டு. அந்த நாட்களில் தன் மார்பு முடியைத் தானே பிடுங்கி, காய்ந்த புல்லை வாய்நிறையக் கவ்விக்கொண்டு மூலையில் கூடு கட்டும். அப்போது உங்கள் நூற்பந்தும் கூட்டுக்குள் போய்ச் சேரும்.

ஆகையால் சில ஏற்பாடுகள் செய்யுங்கள். தரையில் வைக்கும் பிரம்புக்கூடை அழகாக இருந்தாலும் முயல் வீட்டுக்கு ஏற்றதன்று. பிரம்பையும் சேர்த்துக் கடிக்கும். நூலை ஜிப் வைத்த தடித்த பையில் போட்டு, நூல் வெளிவரும் அளவுக்கு மட்டும் மூலையைத் திறந்து, அந்தப் பையை மடியில் அல்லது மேசைமேல் வைத்துக்கொண்டு பின்னுங்கள். சோபாவின் உயரம் முயலுக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதால், எழுந்து போகும்போது 'ஒரு நிமிடந்தானே' என்று வேலையைச் சோபாவில் விட்டுவிடாதீர்கள். கதவுள்ள அலமாரிதான் அதற்குரிய இடம். மூங்கில் ஊசியை முயல் விரும்பிக் கடிக்கும். கடிபட்ட ஊசியின் முனை சிலிர்த்து ஒவ்வொரு கண்ணியிலும் (பின்னலின் ஒவ்வொரு வளையத்திலும்) நூலைக் கீறிக்கொண்டே வரும். ஆகவே உலோக ஊசி நல்லது. வட்ட ஊசியை இணைக்கும் நைலான் கம்பி ஒரே கடியில் அறுந்துவிடும் என்பதால், மிட்டனுக்கு இருமுனை ஊசிகள் ஐந்து போதும். எழும்போது ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். முயல்கள் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும்தான் மிகுந்த சுறுசுறுப்போடு இருக்கும். நண்பகலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். மாலை ஆறு மணிக்குத் தரையில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினால் அவை வராமல் இருக்க மாட்டா. அந்த வேளையில் புதிதாக ஒரு பிடி டிமோத்தி என்ற காய்ந்த புல்லையும் மருந்து தெளிக்காத ஆப்பிள் மரக் குச்சிகளையும் அறையின் மறுபக்கத்தில் வைத்துவிட்டு, நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள்.

கேள்வி: இன்று காலை எங்கள் முயல் அரை முழம் நூலையாவது தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். வாந்தி எடுக்க வைக்க வீட்டு வைத்தியம் உண்டா?
– வாசகர், மார்க்கம்

பதில்: முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் வயிற்றின் அமைப்பு அப்படி. உள்ளே போனது குடல் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால், எந்த வீட்டு வைத்தியத்தையும் முயன்று பார்க்காதீர்கள்.

கடிதம் அச்சில் வருமுன்பே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் சொல்கிறேன். முதலில் எவ்வளவு நூல் காணாமற்போனது என்பதைக் கண்டுபிடியுங்கள். முயல் பெரும்பாலும் நூலை நறுக்கிப் போட்டுவிடுமே தவிர விழுங்குவதில்லை. தரையில் கிடக்கும் துண்டுகளை மேசைமேல் முனையோடு முனை சேர்த்து அடுக்கிப் பாருங்கள். பல வண்ணம் மாறி மாறி வரும் நூலாக இருந்தால், இடையில் எந்த நிறம் விடுபட்டிருக்கிறது என்பதே விழுங்கிய நீளத்தைக் காட்டிவிடும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. மறுமுனை குடலில் எங்கேனும் சிக்கியிருந்தால், இழுக்கும் நூல் குடலையே அறுத்துவிடும்.

கம்பளியும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலும் முயலின் குடலில் செரிப்பதில்லை. நீளமான துண்டு உள்ளே போனது உறுதியானால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருப்பது நல்லது. ஓரிரு அங்குலந்தான் என்றால், புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்துப் புழுக்கைகளைக் கவனியுங்கள். அவை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, நூலில் கோத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் குடல் திணறுகிறது என்று பொருள். முயல் உண்பதை நிறுத்தினாலோ, குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உண்ணாமலும் புழுக்கை போடாமலும் 12 மணி நேரம் கடந்த முயலுக்கு உயிர் ஆபத்து உண்டு.

கேள்வி: மிஞ்சிய நூல்களை வைத்துப் பல வண்ணங்களில் பின்னுகிறேன். தனித்தனியாக அழகாக இருந்த நிறங்கள் மிட்டனில் வந்ததும் கலங்கிப் போகின்றன. ஏன்?
– வாசகி, மொன்றியல்

பதில்: அரக்குச் சிவப்பும் பாசிப்பச்சையும் பட்டுப்புடவையில் எடுப்பாக இருப்பதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அங்கே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று அகலமாகப் பிரிந்து நிற்கின்றன. மிட்டனிலோ ஒரு கண்ணி இந்த நிறம், அடுத்த கண்ணி அந்த நிறம் என்று நெருங்கி வருவதால், இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்குக் கோலம் பிரிந்து தெரிவதில்லை. நிறம் வேறாக இருப்பது போதாது. ஒன்று வெளிறியும் மற்றது அடர்ந்தும் இருக்க வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. நூற்பந்துகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் இரண்டு நூல்களை ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நீலமும் அந்தப் படத்தில் வெகுதூரம் விலகி நிற்கும். அந்தச் சோடியை நம்பிப் பின்னலாம். கோலத்திற்குரிய நூலை எப்போதும் மற்ற நூலுக்குக் கீழிருந்தே எடுத்து வாருங்கள். கீழிருந்து வரும் நூலின் கண்ணி சற்றே பெரிதாக விழுவதால் பூவும் நட்சத்திரமும் துலங்கித் தெரியும். இடையில் கைமாற்றினால் அந்த இடத்தில் கோலம் மங்கிவிடும்.

கேள்வி: அளவு கேட்டால் பரிசு என்று தெரிந்துவிடும். கையை அளக்காமலே பின்ன முடியுமா?
– வாசகி, பிரம்டன்

பதில்: முடியும். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களும் தொடங்கும் கணுவைச் சுற்றி அளப்பதே மிட்டனின் அளவு. பெண்களுக்கு அது பெரும்பாலும் 18 முதல் 19 செ.மீ., ஆண்களுக்கு 21 முதல் 22 செ.மீ., நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 14 முதல் 15 செ.மீ. இருக்கும். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் தளர்வு சேருங்கள். 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழும் நூலானால், பெண்ணுக்கு 20 செ.மீ. சுற்றளவுக்கு 48 கண்ணி, பிள்ளைக்கு 36, ஆணுக்கு 52 அல்லது 56. இவையெல்லாம் நான்கால் வகுபடும் எண்கள் என்பதால், மணிக்கட்டில் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுபுறக் கண்ணி என்று மாறி மாறி வரும் பின்னலும் சரியாக அமையும். அந்தப் பகுதி இழுபடும் தன்மையுடையதாதலால் சிறு அளவுப் பிழைகளை ஏற்றுக்கொள்ளும்.

மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை பெண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 18 செ.மீ.; அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் வையுங்கள். நடுத்தரப் பருமனுள்ள டி.கே. நூலில் பெரியவர் ஒரு சோடிக்கு 100 கிராம் போதும். இரு வண்ணக் கோலமானால் இன்னும் 50 கிராம் வைத்திருங்கள். நூல் உறை 4 மி.மீ. ஊசியைச் சொன்னாலும் மிட்டனுக்கு 3.25 மி.மீ. ஊசியை எடுங்கள். காற்று புகாத நெருக்கமே மிட்டனுக்கு வெப்பம் தருகிறது.

கேள்வி: பேரனுக்குப் பின்னிய மிட்டனின் உள்ளே நூல்கள் குறுக்கே ஓடுகின்றன, விரல் சிக்குகிறது என்று அழுகிறான்.
– வாசகி, ஒஸ்லோ

பதில்: நோர்வேயில் இருக்கிறீர்கள், இந்தக் கலைக்குப் பேர்பெற்ற இடத்திலிருந்து என்னிடம் கேட்கிறீர்களே என்று மகிழ்ச்சியாக இருக்கிறது. செல்பு என்ற ஊரில் 1857-ஆம் ஆண்டு மாரித் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் எட்டிதழ்ப் பூவை இரண்டு நிறத்தில் பின்னினார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பூ பின்னர் நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழைய கோலங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒரே நிறம் தொடர்ந்து நீளமாக ஓடும் இடங்கள் குறைவு. வெறுமையான இடங்களில்கூட ஒற்றைப் புள்ளிகள் தெளித்திருப்பார்கள். உள்ளே ஓடும் நூல் நீளாமல் இருப்பதற்கு அது உதவுகிறது.

ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஒரு நூல் பின்னால் ஓட வேண்டியிருந்தால், நடுவில் ஓரிடத்தில் மற்ற நூலோடு ஒருமுறை பிணைத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளுக்கு மூன்றுக்கு மேல் போகவிடாமல் இருப்பது நல்லது. இப்போது முடிந்துவிட்ட மிட்டனைப் பிரிக்க வேண்டாம். உள்ளே மென்மையான நூலில் மெல்லிய உறையொன்று பின்னித் தைத்துவிடுங்கள். பேரனுக்கு இரட்டை வெப்பமும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் முயலை வாரும்போது கைநிறைய முடி வருகிறது. அதையே நூலாக்கி மிட்டன் பின்னினால் பரிசு இன்னும் சிறப்பாக இருக்குமே?
– வாசகி, ஒட்டாவா

பதில்: உங்கள் முயல் எந்த இனம் என்று எழுதவில்லை. அங்கோரா இனமானால் தாராளமாகச் செய்யலாம். அதன் முடி மூன்று மாதங்களில் 6 செ.மீ.க்கு மேல் வளரும். ஆட்டுக் கம்பளியைவிட மிக மெல்லியது. உள்ளே காற்றறைகள் இருப்பதால் எடையின்றி வெப்பம் தரும். இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு பகுதியில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். ஆனால் அங்கோராவுக்கு ஆட்டுக் கம்பளியின் துள்ளல் கிடையாது. தனியாக நூற்றுப் பின்னினால் மிட்டன் தொய்ந்துவிடும், உள்ளங்கையில் உரசி முடி உதிரும். நான்கில் ஒரு பங்கு அங்கோரா, மீதி ஆட்டுக் கம்பளி என்று கலந்து நூற்றால் இரண்டின் குணமும் கிடைக்கும். மணிக்கட்டுப் பட்டைக்கு மட்டும் பயன்படுத்தினால் இன்னும் அழகு.

சாதாரணக் குட்டைமுடி முயலானால் வேண்டாம். அதன் முடி ஏறத்தாழ 3 செ.மீ. நீளமே இருக்கும், வழுவழுப்பானது, முறுக்கில் நில்லாமல் நழுவி, அணிகிறவரின் கோட்டிலும் மூக்கிலும் ஒட்டும். முயலின் நினைவாக ஏதேனும் வேண்டுமென்றால், முயல் உருவத்தைக் கோலமாகப் பின்னுங்கள். பஞ்சு வைத்த வெப்பம் வேண்டுமானால் இங்கே கனடாவிலேயே நியூபவுண்ட்லாந்து, லாப்ரடோர் பகுதிகளில் ஒரு முறை உண்டு. நூற்காத ஆட்டுக் கம்பளியைச் சிறு சிறு துணுக்குகளாகத் திரித்து, சில வரிசைகளுக்கு ஒருமுறை கண்ணியோடு சேர்த்துப் பின்னுவார்கள். வெளியே சிறு புள்ளிகளாகத் தெரியும்; உள்ளே கை முழுவதும் பஞ்சில் புதைந்திருக்கும்.

எந்த இனமானாலும் வாரும்போது தானாக வரும் முடியை மட்டும் எடுங்கள், அல்லது கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கக் கூடாது. சீனப் பண்ணைகளில் உயிருள்ள முயல்களின் முடியைப் பிடுங்கும் காணொளி 2013-இல் வெளிவந்தபின் பல பெரிய ஆடை நிறுவனங்கள் அங்கோரா விற்பதையே நிறுத்தின. அந்த வலியில் பிறந்த எதையும் பரிசென்று கொடுக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: பரிசு பெறுகிறவருக்கு முயல் ஒவ்வாமை இருக்குமோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, மிசிசாகா

பதில்: கேட்டுவிடுங்கள். பரிசு முன்கூட்டியே தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வாமையைத் தூண்டுவது முடியைவிட முயலின் உமிழ்நீரிலும் தோல்துகளிலும் உள்ள புரதங்கள்தாம். முயல் தன்னைத் தானே நாள்முழுதும் நக்கிக்கொள்வதால் அவை முடியில் ஒட்டி வீடெங்கும் பரவுகின்றன. துவைத்தால் குறையுமே தவிர முழுவதும் போய்விட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு வேறு பரிசு கொடுப்பதே நேர்மை. மற்றவர்களுக்கு, பின்னி முடித்ததும் துவைத்து, முயல்கள் வராத அறையில் உலர்த்தி, உடனே உறையில் போட்டு மூடுங்கள். அதற்கு முன் உள்புறத்தை வெளியே திருப்பி, விளக்கொளியில் கட்டைவிரல் பகுதியைத் தடவிப் பாருங்கள். புல் துணுக்கு அங்கேதான் ஒளிந்திருந்து விரலைக் குத்தும்.

கேள்வி: கோடையில் மிட்டன்களோடு அந்துருண்டை போடலாமா?
– வாசகர், வாட்டர்லூ

பதில்: முயல் உள்ள வீட்டில் கூடவே கூடாது. அதன் ஆவி மனிதருக்கே கெடுதல்; மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் சிறு விலங்குக்கு இன்னும் கெடுதல். அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வையும் அழுக்கும் உள்ள கம்பளியையே நாடும். துவைத்து, ஈரமின்றி உலர்த்தி, காற்றுப் புகாத பையில் மூடி, ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் போதும்.

கேள்வி: கடையில் சில டொலர்களுக்குக் கிடைப்பதற்கு இத்தனை வாரம் ஏன் என்று என் மைத்துனி கேட்கிறார்.
– வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: லாத்வியாவில் மணப்பெண் தன் சீர்ப்பெட்டியைத் தானே பின்னிய மிட்டன்களால் நிரப்பி, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் கொடுப்பது பழைய வழக்கம். புகுந்த வீட்டின் அடுப்படிக்கும் வாசலுக்கும் தொழுவத்திற்கும்கூட ஒரு சோடி வைத்தார்கள். 2006 நவம்பரில் அந்நாட்டின் தலைநகர் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது, வந்திருந்தவர்களுக்குக் கொடுக்க ஏறக்குறைய 4,500 சோடி மிட்டன்களை நாடெங்கும் உள்ள பெண்கள் கையால் பின்னினார்கள். கடையில் வாங்கிக் கொடுக்க அந்த அரசால் முடியாமலா இருந்தது? உங்கள் மைத்துனிக்கே முதல் சோடியைப் பின்னிக் கொடுங்கள். சனவரி மாதக் காலையில் பேருந்துக்கு நிற்கும்போது, விரல்கள் நான்கும் ஒன்றாக இருந்து ஒன்றுக்கொன்று வெப்பம் தரும் மிட்டன் எவ்வளவு உதவுகிறது என்பதை அவர் உணர்வார்.

கேள்வி: சென்ற ஆண்டு நான் கொடுத்த மிட்டன் துவைத்ததும் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். இம்முறை என்ன செய்வது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு மீண்டும் பிரியா. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் குறித்திருக்கும் கம்பளி நூலைத் தேர்ந்தெடுங்கள். முழு அக்ரிலிக் சுருங்காது. ஆனால் நனைந்தால் குளிரும். கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கினாலும் கையை வெப்பமாகவே வைத்திருக்கும்.

சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பின்னுவதானால், தொடங்குமுன் சிவப்பு நூலில் ஒரு சாண் வெட்டி, வெள்ளை நூலோடு முறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளை இளஞ்சிவப்பானால் அந்தச் சோடியைக் கைவிடுங்கள். பரிசோடு ஒரு சிறு அட்டையில், குளிர்ந்த நீரில் கையால் அலச வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, துணியில் சுருட்டி ஈரம் ஒற்றி விரித்து உலர்த்த வேண்டும், உலர்த்தியிலும் சூடேற்றியின் மேலும் போடக் கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். துவைக்கிறவர் அந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதே அட்டையில், பின்னிய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழ நூலைச் சுற்றிக் கொடுத்துவிட்டால், கட்டைவிரல் நுனி தேயும்போது அவர்களே இழைத்துத் தைத்துக்கொள்வார்கள்.